பழைய ரத்தத்தின் இரும்பு எங்கே போகிறது?

கேள்வி: ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் 120 நாள்கள் என்று என் மகளின் பாடப்புத்தகத்தில் உள்ளது. அழியும் அணுக்களிலுள்ள இரும்பை உடலே திரும்ப எடுத்துக்கொள்கிறது என்றால், எனக்கு மட்டும் ஏன் இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள்?
– வாசகி ஒருவர்

பதில்: புத்தகத்தில் உள்ளது சரியே. சிவப்பணுவுக்கு உட்கரு இல்லாததால், தேய்ந்த பாகங்களை அதனால் புதுப்பித்துக்கொள்ள முடிவதில்லை. நாளடைவில் அதன் மேலுறை விறைத்துவிடுகிறது. மண்ணீரலிலோ ரத்தம் மிகக் குறுகிய இடுக்குகளின் வழியே பிதுங்கித்தான் வெளியேற வேண்டும். ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலமுள்ள இளம் அணு அந்த இடுக்கில் வளைந்து நெளிந்து நுழைந்துவிடும். விறைத்துப்போன முதிய அணு சிக்கிக்கொள்ளும். அதை அங்குள்ள பெருவிழுங்கி செல்கள் விழுங்கிச் செரித்துவிடுகின்றன. கல்லீரலிலும் இவ்வேலை நடக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் அணுக்கள் இப்படி அழிய, ஏறக்குறைய அதே அளவு புதிய அணுக்களை எலும்பு மஜ்ஜை உருவாக்குகிறது.

விழுங்கிய அணுவின் ஹீமோகுளோபினிலிருந்து இரும்பைப் பிரித்தெடுத்ததும், எஞ்சும் நிறமி முதலில் பச்சையாகவும் பிறகு பிலிருபின் என்னும் மஞ்சள் பொருளாகவும் மாறுகிறது. இதைக் கண்ணாலேயே காணலாம்: குழந்தை முழங்காலில் அடிபட்டுக் கன்றிப்போன இடம் ஊதாவிலிருந்து பச்சையாகி, பின் மஞ்சளாவது இதே மாற்றம்தான். பிலிருபின் கல்லீரல் வழியே பித்தநீரில் கலந்து குடலுக்குச் செல்கிறது. மலத்தின் பழுப்பு நிறம் அதிலிருந்து வருவதே.

இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்னும் புரதம் எலும்பு மஜ்ஜைக்குச் சுமந்து செல்கிறது. நாள்தோறும் இவ்வாறு 20 முதல் 25 மில்லிகிராம் வரை மீட்கப்படுகிறது. உணவிலிருந்து குடல் உறிஞ்சுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். இவ்வளவு சிக்கனமான ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால், உடலை விட்டு வெளியேறிய ரத்தம் மண்ணீரலுக்குத் திரும்பி வராது. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருப்பதால், மாதவிடாயில் 40 மில்லி ரத்தம் போனால் 20 மில்லிகிராம் இரும்பு கையைவிட்டுப் போகிறது. மாதந்தோறும் இதைவிட அதிகமாகப் போகிறவர்களுக்கு உணவு மட்டும் ஈடுகட்டாமல் போகலாம். நீண்ட நாள் அழற்சி இருந்தால் நிலைமை வேறு: இரும்பின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தக் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் ஹார்மோன் மிகுந்து, மீட்ட இரும்பு பெருவிழுங்கிகளுக்குள்ளேயே முடங்கிவிடும், மாத்திரையின் இரும்பும் குடலிலிருந்து சரிவர உள்ளே போகாது. ஆகவே, மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, உதிரப்போக்கு எத்தனை நாள் நீடிக்கிறது, நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றுகிறீர்கள் என்பதையும் தயங்காமல் சொல்லுங்கள்; உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள்.