ஷார்ட்ஸ் பார்த்தால் இங்கிலீஷ் வருமா?

கேள்வி: துணிக்கடையில் பில் போடுகிற வேலை. ராத்திரி சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் ‘தினம் ஐந்து ஆங்கிலச் சொற்கள்’ மாதிரி வீடியோக்களாகப் பார்க்கிறேன், நோட்டிலும் எழுதி வைக்கிறேன். ஆனால் கஸ்டமர் இங்கிலீஷில் ஆரம்பித்தால் ஒரு வார்த்தை வாயில் வருவதில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?
– வாசகி, கோவை

பதில்: எல்லோருக்கும் இதே கதைதான். ஒரு சொல்லைக் கேட்டதும் ‘அட, இது தெரியுமே’ என்று படுவது வேறு, ஆள் எதிரே நிற்கும்போது அதே சொல்லைத் தேடி எடுத்து வாயில் கொண்டுவருவது வேறு; வீடியோ பார்ப்பதில் முதலாவது மட்டும்தான் பழகுகிறது, அதுவும் ஒன்று முடிவதற்குள் விரல் அடுத்ததைத் தள்ளிவிடுகிறது. ஹெர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, அவை எவ்வளவு சீக்கிரம் மறக்கின்றன என்று அளந்து 1885இல் புத்தகமாகவே போட்டார். ஒரு நாள் போனதும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு காலி. உங்கள் சொற்களுக்கு அர்த்தம் இருப்பதால் இன்னும் கொஞ்ச நாள் தங்கும், அவ்வளவுதான். நோட்டில் எழுதியதைத் திரும்ப எப்போது பார்த்தீர்கள்?

அதனால் முதலில் அந்த ஒரு மணி நேரத்தைக் குறையுங்கள். ஒரு நாளைக்கு ஒரே வீடியோ, அதுவும் உங்கள் கவுன்ட்டருக்கு ஆகிறது. ‘டெய்லி இங்கிலீஷ்’ என்று தேடினால் கடல் மாதிரி கொட்டும், ‘க்ளோத்திங் ஸ்டோர் கான்வர்சேஷன்’ என்று தேடுங்கள். எக்ஸ்சேஞ்ச், டிஸ்கவுன்ட், ஸ்டாக் எல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள்தான், அவற்றைச் சுற்றி வருகிற வாக்கியம்தான் இல்லை. உதாரணத்துக்கு, ‘வீ ஹாவ் ரன் அவுட் ஆஃப் மீடியம், ஷல் ஐ செக் அனதர் கலர்?’ என்று ஒரு வரி கிடைக்கிறது என்று வையுங்கள். (ரன் அவுட் என்றதும் கிரிக்கெட் ஞாபகம் வந்தால் நல்லதுதான், மறக்காது.) முதலில் போனைக் கவிழ்த்து வைத்துக் காதால் மட்டும் கேளுங்கள். அப்புறம் கீழே ஓடும் எழுத்தோடு பாருங்கள், வேகமாகப் போனால் 0.75க்குக் குறைத்துக்கொண்டு வீடியோவில் அந்த வரியைச் சொல்பவர் பேசும்போதே கூடவே பேசுங்கள், நிறுத்துகிற இடத்தில் நிறுத்தி, ஏற்றுகிற இடத்தில் குரலை ஏற்றி. இப்போது வீடியோவை மூடிவிட்டு, மீடியம் சைஸ் தீர்ந்துபோச்சு, என்ன சொல்வேன் என்று உங்களையே கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் உங்கள் நம்பருக்கே வாய்ஸ் மெசேஜாகப் போடுங்கள். காலையில் அதைக் கேட்பதற்கு முன்னால் ஒருமுறை சொல்லிப் பாருங்கள், மூன்று நாள் கழித்து இன்னொரு முறை, வாரம் கழித்து இன்னொரு முறை. அசல் கஸ்டமருக்கு முன்னால், பக்கத்து கவுன்ட்டர் தோழியிடம் சொல்லிப் பார்த்துவிடுங்கள், சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: ‘வெரி டயர்ட் என்று சொல்லாதீர்கள், எக்ஸாஸ்டட் என்று சொல்லுங்கள்’, ‘ப்ரிபோன் தப்பு’ என்று வீடியோவுக்கு வீடியோ திட்டுகிறார்கள். வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: தம்பி, அந்தத் தலைப்புகள் உங்கள் விரலை நிறுத்துவதற்காக வைப்பவை. ‘வெரி டயர்ட்’ நல்ல இங்கிலீஷ், தாராளமாகச் சொல்லுங்கள். ‘ப்ரிபோன்’, அதாவது குறித்த நேரத்தை முன்னால் தள்ளி வைப்பது, ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. நம் ஊர் ஆபீஸில் எல்லோருக்கும் புரியும், வெளிநாட்டுக்காரரிடம் பேசும்போது மட்டும் ‘கேன் வீ மீட் எர்லியர்?’ என்று கேட்டுவிட்டால் போதும்.

அந்தக் கால டாக்காவில் ஆங்கிலம் கற்பித்த மைக்கேல் வெஸ்ட் 1953இல் ஒரு பட்டியல் வெளியிட்டார். சுமார் 2,000 சொற்கள், சாதாரணமாக எழுதப்படும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் அவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. நீங்கள் பார்க்கும் வீடியோக்கள் பெரும்பாலும் மிச்சமிருக்கும் 20 சதவீதத்தில்தான் கடை விரிக்கின்றன, பளபளப்பு அங்கேதானே இருக்கிறது! ‘கெட்’ என்ற ஒரு சொல்லை எடுங்கள்: கெட் அப், கெட் ஹோம், கெட் வெட், கெட் ஆஃப் தி பஸ், ஐ டோன்ட் கெட் இட். ஐந்தையும் யோசிக்காமல் சொல்ல வந்துவிட்டால் எக்ஸாஸ்டட் மெதுவாக வரட்டும்.

கேள்வி: தமிழில் விளக்கும் வீடியோ நல்லதா, முழுக்க இங்கிலீஷில் இருப்பதா?
– வாசகர், ஓசூர்

பதில்: ஆரம்பத்தில் தமிழிலேயே கேளுங்கள், இதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. ஆனால் திரையில் தமிழ் எழுத்தில் போடும் உச்சரிப்பை நம்பாதீர்கள். ‘பேக்’ என்று எழுதினால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? நம்மிடம் இருப்பது ஒரே ‘ப’, ஒரே ‘க’. காதுதான் பிரித்துச் சொல்ல வேண்டும். கொஞ்சம் பிடிபட்டதும் பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ‘தி இங்கிலீஷ் வீ ஸ்பீக்’ கேட்டுப் பாருங்கள், மூன்று நிமிடம்தான் ஓடும், பேச்சுவழக்கில் ஒரு தொடரை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள்.

கேள்வி: ஐந்தாவது படிக்கும் மகன் ‘இங்கிலீஷ் கத்துக்கிறேன்’ என்று போனை வாங்கிக்கொண்டு போகிறான். பத்து நிமிடத்தில் வேறு ஏதோ ஓடுகிறது.
– ஒரு தாய், விழுப்புரம்

பதில்: ஓடத்தான் செய்யும், பெரியவர்களுக்கே விரல் நிற்பதில்லை. போனை அவனிடம் கொடுக்காமல் நீங்களே வீடியோவைப் போட்டு, முடிந்ததும் வாங்கி வையுங்கள். அன்றைக்குப் பார்த்தது ‘கேன் ஐ ஹாவ் சம் மோர்?’ என்றால் ராத்திரி இரண்டாவது தோசையை அப்படிக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லுங்கள். அப்பாவுக்கும் அதே சட்டம்.