வால்வு மாற்றினால் மூச்சிரைப்பு போய்விடுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 70. இதயத்திலிருந்து ரத்தம் வெளியேறும் அயோர்ட்டிக் வால்வு மிகவும் சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும் என்கிறார்கள். ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. 30 வருடம் புகைபிடித்தவர். ஆபரேஷனுக்குப் பிறகு பழையபடி நடமாடுவாரா? முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில்: ஓரளவுக்கு உண்டு. அப்பாவின் மூச்சிரைப்பில் வால்வுக்கு எவ்வளவு பங்கு, நுரையீரலுக்கு எவ்வளவு பங்கு என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். புது வால்வு தன் பங்கை மட்டும்தான் தீர்க்கும்.

எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டை எடுங்கள். வால்வின் திறப்பு இயல்பாக 3 முதல் 4 சதுர செ.மீ. இருக்கும்; 1-க்குக் கீழே போனால் கடுமையான சுருக்கம். அதோடு 'மீன் கிரேடியன்ட்' (mean gradient, வால்வுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சராசரி அழுத்த வித்தியாசம்) 40 mmHg-க்கு மேல் இருந்தால் நல்ல பலனை எதிர்பார்க்கலாம். தடை வால்வில் இருக்கிறது, அதைத் தாண்டி ரத்தத்தைத் தள்ள இதயத்துக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று அர்த்தம். திறப்பு சிறிதாக இருந்தும் கிரேடியன்ட் 20, 25 என்று நின்று, ஈ.எஃப்.பும் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 50-க்குக் கீழே இருந்தால் இதயத் தசையே தளர்ந்திருக்கலாம். அப்போதும் வால்வை மாற்றுவதில் பயன் உண்டு. தேறுவது மெதுவாக இருக்கும். எவ்வளவு தெம்பு மிச்சம் என்பதை டோபுட்டமின் எக்கோவில் (இதயத்தைத் தூண்டும் மருந்து கொடுத்து எடுக்கும் எக்கோ) பார்ப்பார்கள். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம், மைட்ரல் என்ற இன்னொரு இதய வால்வின் கசிவு ஆகியவையும் அதிகமாக இருந்தால் மூச்சிரைப்பு கொஞ்சம் மிஞ்சலாம்.

30 வருடப் புகைக்கு ஸ்பைரோமெட்ரி (ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை) கட்டாயம் வேண்டும். சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் அடைக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) தெரியவந்தால் இன்ஹேலரை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கிவிடலாம். ரத்தசோகையையும் பார்த்துவிடுங்கள், அது எளிதில் சரிசெய்யக்கூடியது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். தரையில் 5 மீட்டர் அளந்து இரண்டு கோடு போடுங்கள். அப்பா வழக்கமான வேகத்தில் நடக்கட்டும். மூன்று முறை நேரம் பார்த்துச் சராசரி எடுங்கள். 6 வினாடிக்கு மேல் ஆனால் உடல் தளர்ந்திருக்கிறது, தேற நாளாகும். மருத்துவரிடம் அந்த எண்ணைச் சொல்லுங்கள். சத்தான சாப்பாடும் மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கு நடையும் இப்போதே தொடங்கலாம்.

ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். மார்பைத் திறந்து செய்யும் ஆபரேஷன் என்றால், வெட்டிய மார்பெலும்பு ஒன்றுசேரவே 6 முதல் 8 வாரம் ஆகும். அதுவரை களைப்பு இருக்கத்தான் செய்யும். தடித்த இதயத் தசை இளக மாதக்கணக்கில் ஆகும். மூன்றாவது மாதம் அதே மாடியை ஏறச் சொல்லிப் பாருங்கள். இடையில் 3 நாளில் 2 கிலோ எடை கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.