எச்-இன்டெக்ஸும் குன்னூரும்

அன்புள்ள ஐயா,

என் மகள் எம்.எஸ்சி. மூலக்கூறு உயிரியல் முடித்துவிட்டு, புற்றுநோய் ஆய்வில் பிஎச்.டி. சேர நினைக்கிறாள். இரண்டு பேர் இடம் தரத் தயாராக இருக்கிறார்கள். ஒரு பேராசிரியருக்கு 200 கட்டுரைகளுக்கு மேல், எச்-இன்டெக்ஸ் 52. இன்னொரு அம்மாவுக்கு 30 கட்டுரைகள்கூட இல்லை, எச்-இன்டெக்ஸ் 14. வீட்டில் எல்லோரும் முதலாமவரிடம் போகச் சொல்கிறார்கள். அவளோ அந்த அம்மாவிடம்தான் சேருவேன் என்கிறாள். பச்சைத் தேயிலையை எடைபோட்டுக் கொடுத்தே பழகியவர்கள் நாங்கள். இந்தக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

ஆர்., கோத்தகிரி

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

எச்-இன்டெக்ஸ், ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் முன்வைத்த அளவு. 14 என்றால், அவருடைய 14 கட்டுரைகளை மற்றவர்கள் ஒவ்வொன்றையும் குறைந்தது 14 முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான். வருடம் ஆக ஆக இது ஏறும், இறங்காது. நூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரையின் நடுவில் பெயர் இருந்தாலும் முழுக் கணக்கு உண்டு. அதனால் இருவரும் எப்போது ஆய்வைத் தொடங்கினார்கள் என்று முதலில் பாருங்கள்.

எதற்காக மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதும் முக்கியம். புரதத்தின் அளவைக் கண்டறியும் முறையைச் சொன்ன ஆலிவர் லௌரி என்ற உயிர்வேதியியலாளரின் 1951 கட்டுரை 3 லட்சம் தடவைக்கு மேல் மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. அது எல்லோருக்கும் தேவைப்பட்ட ஒரு செய்முறை. இன்னொரு பக்கம், 2012-ல் ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனத்தில் வேலை செய்த ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். புற்றுநோய் ஆய்வில் முக்கியமானவை என்று பேசப்பட்ட 53 கட்டுரைகளின் சோதனைகளைத் திரும்பச் செய்து பார்த்ததில், 6-ன் முடிவுதான் உறுதியானது. உறுதியாகாதவற்றில் சிலவற்றையும் பிறர் நூற்றுக்கணக்கில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். நோயாளிக்கு மருந்தாகப் போய்ச் சேர வேண்டிய துறையில் இது எனக்கு மிகவும் வருத்தமான செய்தி.

உங்கள் பக்கத்து ஊரிலிருந்தே ஒன்று சொல்கிறேன். 1929-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் இருந்து வேலை செய்தார். ராபர்ட் மெக்காரிசனின் உணவு ஆராய்ச்சி அப்போது அங்கேதான் நடந்துகொண்டிருந்தது. மும்பையின் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வந்த கடுமையான ரத்தசோகைதான் வில்ஸின் கேள்வி. ஈஸ்ட் சாறு கொடுத்தால் குணமாகிறது என்று 1931-ல் எழுதினார். அதில் இருப்பது என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. பிறகுதான் அது ஃபோலிக் அமிலம் என்று தெரிந்தது. செல் பிரிய வேண்டுமானால் டி.என்.ஏ.வைப் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்கு ஃபோலேட் (ஃபோலிக் அமிலம் இதன் ஒரு வடிவம்) தேவை. அப்படியானால் ஃபோலேட்டின் வேலையைத் தடுத்தால் ரத்தப் புற்றுநோய்ச் செல்கள் பெருகுவதும் நிற்குமே? சிட்னி ஃபார்பர் என்ற அமெரிக்க மருத்துவர் அந்த வழியில் போனார். ஃபோலேட்டைத் தடுக்கும் அமினோப்டெரின் என்ற மருந்து, ஆந்திராவிலிருந்து அமெரிக்கா போன எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய ஆய்வகத்திலிருந்து வந்தது. 1948-ல் ஃபார்பர் வெளியிட்டபோது, 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்திருந்தது. அதன் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு இன்றும் கொடுக்கப்படுகிறது.

இன்று அந்த மருந்தைப் பற்றி எழுதுகிறவர் 1931 கட்டுரையை மேற்கோள் காட்டத் தேவையே இல்லை. அது பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது. வில்ஸ் புற்றுநோயைத் தேடவும் இல்லை. எந்தக் கணக்கு இந்தத் தொடர்பைக் காட்டும்?

சரி, உங்கள் மகள் விஷயம். வேலைக்கான நேர்காணல்களில் இன்னும் பல இடங்களில் இந்த எண்களைப் பார்க்கிறார்கள், அது உண்மை. ஆனால் பார்ப்பது அவளுடைய கட்டுரைகளை. வழிகாட்டியின் 52 அவளுக்கு வந்து சேராது. அந்த அம்மாவின் கட்டுரைகளைப் படித்துவிட்டுத்தான் அங்கே போக ஆசைப்படுகிறாள் என்றால், நான் அவள் பக்கம். படிக்கவில்லை என்றால் இருவருடையதிலும் மூன்று மூன்று கட்டுரைகளை உட்கார்ந்து படிக்கட்டும். அவற்றை மேற்கோள் காட்டியவர்கள் முன்னுரையில் பத்தோடு பதினொன்றாகச் சேர்த்தார்களா, தங்கள் சோதனைக்கே எடுத்துக்கொண்டார்களா என்று பார்க்கட்டும். மாணவர்களின் பெயர் கட்டுரையில் முதலில் வருகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

பழைய மாணவர்கள் இரண்டு பேரிடமாவது போனில் பேசச் சொல்லுங்கள். எத்தனை வருடத்தில் முடித்தார்கள், சோதனை தோற்றபோது வழிகாட்டி எப்படி நடந்துகொண்டார் என்று கேட்கட்டும். ஆய்வகத்துக்கு இன்னும் எத்தனை வருடத்துக்கு நிதி இருக்கிறது என்பதையும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். செல் வளர்ப்புக்கான பொருட்களுக்கு விலை அதிகம். பணம் நடுவில் நின்றால் அவளுடைய வருடங்கள்தான் போகும்.