கரை தெரிந்ததும் செல்போனைத் தேடும் கை: கேள்வி பதில்

ராமநாதபுரம் மாவட்டத்தின் மண்டபம் வட்டாரத்தில் பதினொரு ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதிலிருந்து என்னிடம் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் செல்போனைப் பற்றியவை. கேட்டவர்களின் பெயர்களை நீக்கிவிட்டு, சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு ஊர் தங்கச்சிமடம், வயது 34, விசைப்படகில் போகிறவன். கடலுக்குப் போனால் ஒரு பகல் ஒரு இரவு முழுக்க செல்போன் நினைப்பே வராது. இப்போது வீட்டில் இருக்கிறேன். காலையில் கையில் எடுத்தால் மத்தியானச் சோறு ஆறிப்போகும்வரை ரீல்ஸ்தான். மனைவி என்னோடு பேசுவதையே குறைத்துவிட்டாள். எனக்கு மன உறுதி இல்லையா?

தம்பி, மன உறுதி இல்லாதவர் என்றால் கடலிலும் உங்கள் கை அதைத் தேடியிருக்கும். நீங்கள் இதைக் கேட்டதில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி. ஏனென்றால் உங்கள் தொழிலே பாதிப் பதிலைச் சொல்லிவிடுகிறது.

திரும்பி வரும் நேரத்தை நினைத்துப் பாருங்கள். நான் விசாரித்த படகுக்காரர்கள் எல்லாரும் ஒன்றையே சொல்கிறார்கள். பாம்பன் பாலம் கண்ணுக்குத் தெரிந்ததும், பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்த செல்போன் நினைவுக்கு வந்துவிடும். சிக்னல் ஒரு கோடு காட்டியதும் பைக்குள்ளேயே அது அதிரும். ஈரக்கையால் முடிச்சை அவிழ்க்க வராமல் பல்லால் கடித்து இழுப்பவர்களும் உண்டு. இரவு முழுக்க இல்லாத தவிப்பு கடைசி அரை மணியில் எங்கிருந்து வந்தது?

2010இல் இஸ்ரேல் ஆய்வாளர்கள் புகைபிடிக்கும் விமானப் பணியாளர்களிடம் இதைப் பார்த்தார்கள். அதே ஆட்களைக் குறுகிய பயணத்திலும் நீண்ட பயணத்திலும் கவனித்தார்கள். கடைசி சிகரெட் பிடித்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைவிட, தரையிறங்க இன்னும் எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்தே தவிப்பு கூடியது. சிகரெட்டும் செல்போனும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. ஆனால் கிடைக்கும் என்று தெரியும்போதுதான் மனம் கேட்கிறது என்பது இரண்டுக்கும் பொருந்துகிறது.

வீட்டில் உங்களுக்கு நாள் முழுக்கக் கரைதான். எனவே தினமும் சில மணி நேரத்தைக் கடலாக்குங்கள். காலை எழுந்ததிலிருந்து மத்தியானச் சோறுவரை செல்போனை அணைத்து, அதே பிளாஸ்டிக் பையில் போட்டு, அதே முடிச்சைப் போட்டு, பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். அவசரம் என்றால் மனைவியின் எண்ணுக்குக் கூப்பிடும்படி படகு உரிமையாளரிடமும் கூட்டாளிகளிடமும் சொல்லி வையுங்கள். அந்த நேரத்துக்கு வலைவேலையை வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று நான்கு நாள் கை சும்மா இருக்காது, எரிச்சல் வரும். பிறகு அடங்கும். தடைக்காலம் மொத்தம் 61 நாள். ஒரு புதுப் பழக்கம் வேர்விட அது போதுமான அவகாசம்.

ராமநாதபுரத்தில் கல்லூரியில் படிக்கிறேன். அரியமான் கடற்கரையில் எடுத்த படத்தைப் போட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை லைக் எண்ணிப் பார்க்கிறேன். குறைவாக வந்தால் படத்தை நீக்கிவிடுகிறேன். அன்று முழுக்கப் படிக்க முடிவதில்லை.

உன் அப்பா வலை போடுகிறவராக இருந்தால் அவரிடம் கேட்டுப் பார், அம்மா. நான்கு முறை வெறுமையாக வந்த வலை ஐந்தாவது முறை கனத்து வந்தால், அடுத்த பத்து முறை வெறுமையாக வந்தாலும் மனிதன் போட்டுக்கொண்டேதான் இருப்பான். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்து இதைத்தான் காட்டினார். கொத்தும் ஒவ்வொரு முறையும் தீனி கிடைத்து, பிறகு நின்றுபோனால் புறா சீக்கிரம் விட்டுவிடும். எப்போது கிடைக்கும் என்று தெரியாத தீனிக்குப் பழகிய புறா எளிதில் விடாது. 2009இல் பேஸ்புக்கில் வந்த லைக் பொத்தான் அந்தத் தெரியாத தீனியைக் கோடிக்கணக்கானவர்களின் கையில் கொடுத்தது.

இன்ஸ்டாகிராமில் லைக் எண்ணிக்கையை மறைக்க அமைப்புகளில் வழி இருக்கிறது, இன்றே மறைத்துவிடு. படம் போட்டால் அன்று இரவு ஒரே ஒருமுறை திறந்து பார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். படத்தை நீக்கும் கணத்தில் உன்னைப் பற்றியே என்ன நினைக்கிறாய் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு என்னிடம் வா. லைக்கைவிட எனக்கு அதுதான் கவலை.

கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். கணவர் துபாயில். செல்போன்தான் எங்கள் குடும்பம், அதை எப்படி விட முடியும்? ஆனால் அவர் பேசி முடித்த பிறகும் இரண்டு மணிவரை ஏதாவது பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

விட வேண்டாம், தங்கச்சி. துபாய் நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். அவர் வேலை முடித்து, சாப்பிட்டு, பத்தரைக்குக் கூப்பிட்டால் இங்கே நள்ளிரவு. பத்து மணியிலிருந்து அழைப்புக்காகக் காத்திருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் பழக்கம் பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன். பேசி முடித்த பிறகு வரும் வெறுமையையும் அதுவே நிரப்புகிறது. பேசும் செயலி மட்டும் இருக்கட்டும், மற்றவற்றை எடுத்துவிடுங்கள். அழைப்பு மணி தவிர எல்லா அறிவிப்புகளையும் நிறுத்துங்கள். மணிச் சத்தத்தை முழுதாக வைத்து, செல்போனைக் கூடத்தில் விட்டுவிட்டுப் படுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது அவர் வேலைக்குப் போகும் முன் காலையில் பேச முடியுமா என்று கேளுங்கள். உங்கள் தனிமையை அவரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் அடக்கிக்கொண்டு எத்தனை பெண்கள் இந்த வெளிச்சத்தைப் பார்த்தபடியே விடிய வைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

தேவிபட்டினம். மகன் பத்தாம் வகுப்பு. 2020இல் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய செல்போன் அவன் கையைவிட்டு இறங்கவே இல்லை. பிடுங்கினால் தட்டைத் தூக்கி எறிகிறான்.

பிடுங்காதீர்கள் அம்மா. அவன் பார்க்கும் ஷார்ட்ஸ் குறுவீடியோக்களுக்கு முடிவே இல்லை. பக்கம் தீராமல் உருண்டுகொண்டே இருக்கும் முறையை 2006இல் உருவாக்கியவர் அசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வெளிப்படையாக வருந்தினார். முடிவில்லாத ஒன்றைப் பாதியில் பிடுங்கினால் பெரியவர்களுக்கே கோபம் வரும். முடிகிற ஒன்றை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்: ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் தொகுப்பு, ஒரு படத்தின் பாதி. அது முடிந்ததும் தர வேண்டும் என்பதைத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு வீட்டில் உள்ள எல்லாருடைய செல்போனும் கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாருடையதும் என்றால் உங்களுடையதும், கடலிலிருந்து வந்த அப்பாவுடையதும் சேர்த்துத்தான்.

இது நோயா?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் வீடியோ கேம் அடிமைத்தனம் இருக்கிறது. சமூக ஊடகத்துக்கென்று தனிப் பெயர் அதில் இல்லை. பட்டியல் எப்படி இருந்தாலும், தூக்கமும் தொழிலும் உறவும் கெட்டால் உதவி கேட்க வேண்டும். 14416 என்ற டெலிமனாஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இதற்கென்றே 2014இல் ஒரு தனிப் பிரிவு தொடங்கினார்கள்.

மூன்று முறை செயலியை நீக்கி மூன்று முறையும் திரும்ப ஏற்றிவிட்டேன்.

ஒவ்வொரு முறையும் எங்கே உட்கார்ந்து ஏற்றினீர்கள்? மூன்றுக்கும் ஒரே இடம், ஒரே நேரம் என்றால் அந்த இடத்தை மாற்றுங்கள்.

பாம்பனிலிருந்து. கடல்பாசி எடுக்கப் போகாத நாட்களில் வீட்டில் தனியாக இருக்கிறேன். செல்போனை வைத்துவிட்டால் வீடு ஓவென்று இருக்கிறது. ரேடியோ கேட்கலாமா, இல்லை அதுவும் அடிமையாக்கிவிடுமா?

தாராளமாகக் கேளுங்கள் அக்கா. உங்கள் ஊரிலேயே மீனவர்களுக்கென்று 2016இல் தொடங்கிய கடல் ஓசை 90.4இல் இருக்கிறது. ரேடியோவில் ஒரு பாட்டு முடிந்தால் அடுத்ததை விரலால் தள்ளி வரவழைக்க முடியாது, அவர்கள் போடுவதைத்தான் கேட்க வேண்டும். கண்ணும் கையும் உங்களிடமே இருக்கும். மீன் அரிந்துகொண்டே கேட்கலாம்.