கடலில் கம்பி பிரிந்தால்?

கேள்வி: நண்பரின் 30 அடி பாய்மரப் படகில் லங்காவியிலிருந்து பூக்கெட் போகிறோம். மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஏதாவது போனால் நாமே சரிசெய்ய முடியுமா? – ஒரு வாசகர், பினாங்கு

பதில்: முடியும். கம்பி பிரிவதைப் பார்த்ததும் முதல் வேலை சுக்கானைத் திருப்புவதுதான். காற்று வரும் பக்கத்துக் கம்பிதான் இழுவையைத் தாங்குகிறது, படகைத் திருப்பிக் காற்றை மறுபக்கம் வாங்கினால் பழுதான கம்பி தொய்ந்துவிடும், யோசிக்க நேரம் கிடைக்கும். அப்புறம் பாயைச் சுருக்கிவிட்டு, உபரியாக இருக்கும் ஹாலியர்டை, அதாவது பாய் ஏற்றும் கயிற்றை, அந்தப் பக்கம் டெக்கில் உறுதியான இடத்தில் கட்டி விஞ்சில், அதாவது கயிறு இழுக்கும் உருளையில், இறுக்குங்கள்.

பெரும்பாலும் போவது கீழ்முனைதான், உப்புத் தண்ணீர் இறங்கித் தங்கும் இடம். ஒருமுறை நங்கூரம் போட்டிருந்தபோது பஞ்சால் கம்பியைத் துடைத்துக்கொண்டே வந்தேன், கீழே வந்ததும் மாட்டிக்கொண்டது. பார்த்தால் 19 இழைகளில் ஒன்று அறுந்து மீன்முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. (வெறும் விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும்.) ஒன்றுதானே என்று விட்டால் அதன் பாரமும் மற்ற 18 மேல் ஏறும்.

அழுத்திப் பொருத்திய பழைய முனையைக் கடலில் திரும்பச் செய்ய முடியாது, அதற்கு மெஷின் வேண்டும். ஸ்டா-லாக் மாதிரி கையாலேயே முறுக்கிப் பொருத்தும் முனைக்கு இரண்டு ஸ்பேனர் போதும்: வெளியே இருக்கும் 12 இழைகளைப் பிரித்து, நடுவில் இருக்கும் 7 இழைகள் மேல் கூம்பை மாட்டி, 12-ஐயும் அதைச் சுற்றிச் சீராகப் பரப்பி முறுக்கி மூட வேண்டும். மேலுறையை முதலிலேயே கம்பியில் கோத்துவிடுங்கள், நான் மறந்துபோய் எல்லாவற்றையும் மறுபடி பிரித்தேன். முனையை வெட்டினால் கம்பி குட்டையாகிவிடும் என்பதால், படகில் உள்ளதிலேயே நீளமான கம்பி அளவுக்கு ஒரு சுருள் உபரி இருக்கட்டும், எதற்கும் வெட்டிக்கொள்ளலாம்.

தற்காலிகத்துக்கு டைனீமா என்ற வலுவான செயற்கை இழைக் கயிறும் நல்லதுதான், ஆனால் வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது. நுனியைக் கயிற்றுக்குள்ளேயே விட்டத்தைப்போல் 72 மடங்கு புதைத்துப் பின்ன வேண்டும், 6 மி.மீ. கயிறென்றால் சுமார் 43 செ.மீ. வீட்டிலேயே நாலைந்து தடவை பழகிக்கொள்ளுங்கள்.

மரத்தில் ஏறுவதை மட்டும் அலை அடங்கிய இடத்தில், நங்கூரம் போட்டபிறகு, இரண்டு கயிறுகளின் துணையோடு செய்யுங்கள். சரி, கம்பியின் வயதை நண்பரிடம் கேட்டீர்களா? 15 வருஷம் ஆகியிருந்தால் லங்காவியிலேயே மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.