இறால், நண்டு வகைகளின் செரிமான நொதிகள்: கேள்வி பதில்

கேள்வி: புரதத்தை வெட்டும் நொதியும் புரதம்தானே? தன்னையே ஏன் தின்றுவிடுவதில்லை?

பதில்: தின்னும். புரதத்தை வெட்டும் செரிமான நொதியான ட்ரிப்சினில், ஒரு மூலக்கூறு பக்கத்தில் இருக்கும் இன்னொன்றை வெட்டும். ஆனால் லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் வரும் இடங்களில்தான் அதனால் வெட்ட முடியும். அந்த இடங்கள் புரதச் சங்கிலியின் மடிப்புக்குள் ஒளிந்திருந்தால் வெட்டு விழாது. சூட்டில் மடிப்பு தளர்ந்தால் கதை முடிந்தது. முதலில் குலைவு, அப்புறம்தான் வெட்டு.

கேள்வி: மாட்டு ட்ரிப்சினைப் போலவே க்ரேஃபிஷின் (இறால் போன்ற நன்னீர் உயிரி) ட்ரிப்சினையும் அமிலத்தில் சேமிக்கலாமா?

பதில்: கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான். மாட்டு ட்ரிப்சின் பிஎச் 3 அளவில் பத்திரமாக இருக்கும். நடுநிலையில், அதுவும் கால்சியம் இல்லாவிட்டால், தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும். க்ரேஃபிஷில் நேர்மாறு: நடுநிலையிலும் காரத்திலும் தாக்குப்பிடிக்கும், அமிலத்தில் செயலிழக்கும். இத்தனைக்கும் புரதத்தின் மடிப்பை இறுக்கிப் பிடிக்கும் டைசல்ஃபைடு பிணைப்புகள் மாட்டு ட்ரிப்சினில் 6, க்ரேஃபிஷ் ட்ரிப்சினில் 3 தான். பிணைப்பை எண்ணி உறுதியைக் கணிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

விலங்கின் உடலமைப்பைப் பார்த்தால் இது பொருந்தும். இவற்றின் இரைப்பையில் நமக்கு இருப்பது போல் பெப்சின் என்ற நொதியோ கடும் அமிலமோ கிடையாது. கல்லீரல், கணையம் இரண்டின் வேலையையும் பார்க்கும் ஒரே சுரப்பியிலிருந்து நொதிகள் இரைப்பைக்கு வந்து, அங்கேயே உணவோடு ஊறுகின்றன.

கேள்வி: செத்த இறாலில் தலையை ஒட்டிய சதை முதலில் குழைவது ஏன்?

பதில்: அந்தச் சுரப்பி தலைப்பகுதியில்தான் இருக்கிறது. இறந்ததும் அதன் செல்கள் சிதைந்து, நொதிகள் பக்கத்துச் சதைக்குள் கசிகின்றன. இறால் செத்தாலும் நொதி சாகாது! ஐஸ் அதன் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது. உறையவைத்து உருக்கினால் இன்னும் மோசம். பனிப்படிகங்கள் மீதிச் செல்களையும் கிழித்துவிடும். சீக்கிரம் தலையை நீக்குவதோ, முழுதாக வேகவைப்பதோதான் வழி.

கேள்வி: ஓடு கறுப்பதும் இதனால்தானா?

பதில்: இல்லை. அது ஃபீனால் ஆக்சிடேஸ் என்ற வேறு நொதியின் வேலை.

கேள்வி: நொதிகளை அடக்கும் பிஎம்எஸ்எஃப் என்ற வேதிப்பொருளைச் சேர்த்தும், திசுவிலிருந்து எடுத்த என் சாற்றில் புரதம் சிதைகிறது. ஏன்?

பதில்: பிஎம்எஸ்எஃப் முக்கியமாக ட்ரிப்சின் போன்ற செரின் வகை நொதிகளைத்தான் அடக்கும். இறாலில் கேத்தெப்சின் எல் போன்ற, புரதத்தை வெட்டும் சிஸ்டீன் வகை நொதிகளும் உண்டு. அவற்றை அடக்க இ-64 என்ற வேறு வேதிப்பொருள் வேண்டும். க்ரேஃபிஷ் என்றால் துத்தநாகத்தை நம்பியிருக்கும் அஸ்டசின் என்ற புரதம் வெட்டும் நொதியையும் கணக்கில் எடுங்கள். சரி, ட்ரிப்சினைத்தான் அளக்கப்போகிறீர்கள் என்றால் பிஎம்எஸ்எஃப்பைத் தொடவே வேண்டாம். அளக்க ஒன்றும் மிஞ்சாது.