கடைசி அத்தியாயத்தில் திருந்துகிற பையன்

கேள்வி: சிறுவர் நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். எதற்கெடுத்தாலும் பொய் சொல்லும் 12 வயதுப் பையன், கடைசி அத்தியாயத்தில் தாத்தாவின் புத்திமதியைக் கேட்டுத் திருந்துகிறான். படித்துப் பார்த்த என் மகள், "இவன் நாளைக்கே மறுபடியும் பொய் சொல்வான்" என்கிறாள். எங்கே தப்பு செய்தேன்?

பதில்: உங்கள் மகள் சொல்வது சரி. தாத்தா பேசி முடித்திருக்கிறார், அவ்வளவுதான். பையன் இன்னும் ஒன்றுமே செய்யவில்லை. புத்திமதிக்குப் பிள்ளைகள் எப்படித் தலையாட்டுவார்கள் என்பது நமக்கெல்லாம் தெரியும். எழுத உட்கார்ந்தால் மட்டும் மறந்துவிடுகிறது.

என் முதல் நாவலில் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசாத அக்கா ஒருத்தி வருவாள். முதல் அத்தியாயத்தில் தம்பி வந்து அவள் அறைக் கதவைத் தட்டுவான், இவள் எழுந்துபோய்த் தாழ்ப்பாள் போடுவாள். அவள் மனம் மாறியதைக் காட்ட, முடிவில் பாட்டியை இரண்டு பக்கம் பேச விட்டிருந்தேன். நான்கு தடவை திருத்தியும் ஒட்டவில்லை. கடைசியில் அந்த இரண்டு பக்கத்தையும் அடித்துவிட்டு, அவன் வரும்போது கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது என்று மட்டும் எழுதினேன். உள்ளே அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் படித்துக்கொண்டிருப்பாள். வாசித்த பிள்ளைகள் அந்தக் கதவைத்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள்.

மார்க் ட்வைனின் ஹக்கிள்பெரி ஃபின் கதையில் ஒரு காட்சி உண்டு. ஆற்றுப் பனிமூட்டத்தில் ஹக்கும், தப்பியோடி வந்த அடிமையான ஜிம்மும் பிரிந்துபோகிறார்கள். ஹக் செத்துவிட்டான் என்றே நினைத்து, அழுது களைத்து, ஜிம் தூங்கிப்போகிறான். திரும்பி வந்த ஹக், "நான் எங்கேயும் போகவில்லை, நீதான் கனவு கண்டாய்" என்று விளையாட்டாகப் புளுகுகிறான். தெப்பத்தில் கிடக்கும் இலைதழையும் உடைந்த துடுப்பும் பொய்யைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. ஜிம் மனம் நொந்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறான். ஹக் எழுந்துபோய் மன்னிப்புக் கேட்கப் பதினைந்து நிமிடம் ஆகிறது. அடிமையிடம் வெள்ளைக்காரப் பையன் தலைகுனிவதை அவனை வளர்த்த சமூகம் நினைத்துக்கூடப் பார்க்காது. அவனுடைய மனசுக்குள் எவ்வளவு இழுபறி நடந்திருக்கும் என்பதை அந்தப் பதினைந்து நிமிடமே சொல்லிவிடுகிறது.

அதோடு அவன் முழுக்க மாறிவிடுகிறானா? இல்லை. கதையின் கடைசிப் பகுதியில் ஹக்கின் நண்பன் டாம் வந்து சேர்ந்ததும், ஜிம்மை வதைக்கிற அவனுடைய விளையாட்டுக்கு ஹக்கும் துணைபோகிறான். அந்தப் பகுதி பலருக்குப் பிடிப்பதில்லை, எனக்கும் படிக்கக் கஷ்டமாக இருக்கும். ஆனால் கூட்டாளி வந்ததும் பழைய புத்தி எட்டிப்பார்ப்பது அந்த வயதில் நடக்கிற விஷயம்தான்.

உங்கள் பையனுக்கு வருவோம். பொய் சொன்னால் சுலபமாகத் தப்பித்துவிடலாம் என்கிற ஒரு சந்தர்ப்பத்தைக் கதையின் நடுவிலேயே கொண்டுவாருங்கள். அங்கே உண்மையைச் சொல்லி, அதனால் எதையாவது அவன் இழக்க வேண்டும். ஒரு நண்பனாக இருக்கலாம், விளையாட்டு அணியில் கிடைத்த இடமாக இருக்கலாம். அப்புறம் ஒரு சின்னப் பொய்யும் சொல்லட்டும், ஆனால் இந்தத் தடவை பாதியிலேயே நாக்குக் குழறட்டும். தாத்தா அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தால் போதும்.

கேள்வி: கதாபாத்திரம் மாறியே ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ரிச்மல் கிராம்ப்டனின் வில்லியம் என்ற குறும்புக்காரனுக்கு 1922இல் வந்த முதல் புத்தகத்தில் வயது 11. 1970இல் வந்த கடைசிப் புத்தகத்திலும் அதே 11தான். எப்போது திறந்தாலும் அவன் அப்படியே இருப்பான் என்ற நம்பிக்கையில்தான் பிள்ளைகள் அடுத்த புத்தகத்தைத் தேடிப் போகிறார்கள். தொடராக வரும் சிறுகதைகளுக்கு இது பொருந்தும். ஒரே நீண்ட கதையில் பொருந்துவது கடினம்.

கேள்வி: பதின்வயதினருக்கான நாவலில் இது எப்படி வேறுபடுகிறது?

பதில்: நான் கவனித்தவரை, அந்த வயதில் மனசு முதலில் மாறிவிடுகிறது, வாய்தான் ஒப்புக்கொள்ள மறுக்கிறது. லூசி மாட் மாண்ட்கோமெரி 1908இல் வெளியிட்ட 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' நாவலில் ஆன் ஷெர்லி என்ற சிறுமி, தன் சிவந்த முடியைக் 'கேரட்' என்று கேலி செய்த பள்ளித் தோழன் கில்பர்ட்டின் தலையில் சிலேட்டை ஓங்கி உடைக்கிறாள். பின்னாளில் படகு மூழ்கிப் பாலத்தின் தூணைப் பற்றிக்கொண்டிருந்தவளைப் படகில் வந்து காப்பாற்றிய அவனே, "இனி நண்பர்களாக இருப்போமே" என்கிறான். அவள் ஒரு கணம் தயங்குகிறாள், பழைய அவமானம் நினைவுக்கு வருகிறது, முடியாது என்றுவிடுகிறாள். இருவரும் சமாதானமாவது கடைசி அத்தியாயத்தில்தான். பள்ளி நாளில் படித்தபோது, "சரி என்று சொல்லேன்!" என்று புத்தகத்தைப் பார்த்துக் கெஞ்சியிருக்கிறேன். இப்போது எடுத்தால் வேறு ஓர் இடத்தில் நின்றுவிடுகிறேன்: இத்தனை நாள் பொத்திவைத்த கோபத்தை ஆன் தேடிப் பார்க்கிறாள், அது எப்போதோ போய்விட்டிருக்கிறது.